கடன் கொப்பிக்கு ஒரு பூட்டு

எலுவன்குளத்தில் ஒரு கடைக்காரரின் லாப்டொப் பழுதானால் அது பெரும்பாலும் புத்தளத்துக்குத்தான் போகிறது. பையில் போட்டு, வண்ணாத்திவில்லு வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போய், ரிப்பெயார் கடை மேசையில் வைத்துவிட்டு, துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். “நாளை மறுநாள் வாங்க நானா” என்பார்கள். அந்த மறுநாள் சில வேளை பத்து நாளாகும். பத்து நாளும் நமது கடையின் கணக்கு முழுவதும் முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் கிடக்கிறது. கள்வன் எடுத்துப் போனால் பதறுகிறோம், பொலிசில் முறைப்பாடு கொடுக்கிறோம். நாமே கொண்டு போய்க் கொடுக்கும்போது பதறுவதில்லை.

பாஸ்வேர்ட் போட்டுத்தானே வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம். விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் அந்தப் பாஸ்வேர்ட் கடையின் முன் கதவுக்குப் போட்ட கொண்டி மாதிரி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்பியூட்டரில் மாட்டுபவருக்கு முன் கதவே தேவையில்லை. நாலைந்து திருகாணிகளைக் கழற்றும் வேலை. டிஸ்க்கில் உள்ள கோப்புகள் எல்லாம் பென் டிரைவில் உள்ளவை போல வரிசையாகத் தெரியும்.

அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். கஜு காலத்துக்கு யார் யாருக்கு முற்பணம் கொடுத்தோம், கங்கேவாடிப் பக்கம் மீன்பிடிக்கும் எந்தக் குடும்பம் வலைக்கும் ஐஸுக்கும் எவ்வளவு பாக்கி, கொழும்பு மொத்த வியாபாரிக்கு நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு, எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்கு விற்கிறோம் என்பதெல்லாம் இருக்கிறது. வங்கிக் கடனுக்காக ஸ்கேன் செய்த காணி உறுதி, உத்தரவாதம் நின்றவர்களின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கின்றன. இவை போதாதென்று மகளின் கல்யாணப் படங்களும் அதே கம்பியூட்டரில்தான். நமது வீடுகளில் பெண்களின் படம் வெளியே போனால் அது என்ன மாதிரிப் பிரச்சினையாகும் என்பதை நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

நம்மிடம் கடன் வாங்கியவர் தனது கஷ்டத்தை நம்மிடம் சொன்னார், ஊரிடம் சொல்லவில்லை. கடன் கொப்பி லாச்சியில் பூட்டிக் கிடந்த காலத்தில் அந்த அமானிதத்தைக் காப்பது லேசாக இருந்தது. கொப்பி கம்பியூட்டருக்குள் போன பிறகு லாச்சிப் பூட்டு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியொன்று கடந்த இருபது வருடங்களாக இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவும்போதே முழு டிஸ்க்கையும் மறைகுறியாக்கிவிடுவதுதான் அது. பெயரைக் கேட்டதும் இது படித்த பையன்களின் வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஸ்கூல் படிப்போடு கடைக்கு வந்தவன்தான் நானும். நிறுவுவதற்கு அரை நாள் போதும். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் முக்கியம், அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை.

அழித்தால் அழியாது

முதலில், அழித்துவிட்டால் போய்விடும் என்ற எண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்ற இருவர் 2000க்கும் 2002க்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளைச் சந்தையில் விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. அந்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரம். மற்றவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை இலக்கங்கள், வைத்தியக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. அதில் ஒரு டிஸ்க் வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்தில் இருந்தது போலத் தெரிந்தது. 2003இல் இதை வெளியிட்டார்கள். விற்றவர்கள் எல்லோரும் அழித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கோப்பை ‘டிலீட்’ செய்வது கொப்பியின் பொருளடக்கத்தில் ஒரு வரியை வெட்டுவது போன்றது. உள்ளே பக்கம் அப்படியே இருக்கும்.

நமது நாட்டில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனதும் புதிய லாப்டொப் வாங்குவது நடுத்தர வியாபாரிக்கு எட்டாத காரியமாயிற்று. பாவித்த லாப்டொப் கைமாறுவது சாதாரணமாகிவிட்டது. நீங்கள் விற்ற பழையது இன்று எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. பிரித்தானியாவில் நேஷன்வைட் என்ற வீடமைப்புக் கடன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய வீட்டிலிருந்து 2006இல் ஒரு லாப்டொப் களவு போனது. ஒரு கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனம் அது. உள்ளே வாடிக்கையாளர் விபரங்கள் இருப்பதை அறியாமல் விசாரணையைத் தொடங்கவே மூன்று வாரமாயிற்று. 2007 பெப்ரவரியில் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு 980,000 பவுண் தண்டம் விதித்தது. களவு போன லாப்டொப்பின் விலை அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று வியாபாரிகளாகிய நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறருடைய விபரங்களை வைத்திருப்பவர் அவற்றைக் காக்கப் பொருத்தமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், அந்த ஏற்பாடுகளில் மறைகுறியாக்கத்தையும் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. பிரதான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன, பிறகு திருத்தங்களும் வந்தன. எப்படியானாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

ஏன் லினக்ஸ்?

விண்டோஸிலும் ‘பிட்லொக்கர்’ என்ற பூட்டு இருக்கிறது, நல்ல பூட்டுத்தான். ஆனால் முழுமையான பிட்லொக்கர் ‘புரோ’ பதிப்பில்தான் உண்டு, கடைகளில் விற்கும் லாப்டொப்களில் அனேகமாக ‘ஹோம்’ பதிப்பே வரும். ஹோம் பதிப்பில் வரும் எளிமையான பூட்டு சில புதிய கம்பியூட்டர்களில் உங்களைக் கேட்காமலே விழுந்துவிடுகிறது. அதன் மீட்புத் திறப்பு மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது கடைப் பையன், அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான் என்றால் கதை முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய புரொசஸரும் நமது கடைகளில் உள்ள பல லாப்டொப்களில் இல்லை. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, தூக்கிப் போட மனம் வராது. இப்படிப்பட்டவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு கொடுக்கிறது. களவாகப் பிரதி செய்த விண்டோஸை வைத்துக்கொண்டு ஹலாலான வியாபாரம் பேசுகிறோமே என்ற உறுத்தல் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது லினக்ஸ். இலங்கைக்கும் இதற்கும் உறவு புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக இங்குள்ள இளைஞர்கள் எழுதிய ‘சஹானா’ மென்பொருள் இதே திறந்த மென்பொருள் வழியில் உருவானதுதான். ‘ஹந்தான’ என்ற பெயரில் கண்டி மலையின் பெயர் தாங்கிய ஒரு லினக்ஸும் நம் நாட்டிலிருந்து வெளிவந்திருக்கிறது.

எல்லோரும் நாளைக்கே மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். டாலி போன்ற கணக்கு மென்பொருளோ, தராசோடும் பில் இயந்திரத்தோடும் இணைத்த விண்டோஸ் மென்பொருளோ பாவிப்பவர்கள் அதை விட்டு வர வேண்டாம், விண்டோஸ் புரோ வாங்கிப் பிட்லொக்கரைப் போட்டுக்கொள்ளுங்கள். எக்செல் தாளில் பற்றுவரவு, வேர்டில் கடிதம், பிரவுசரில் வங்கி, வட்ஸ்அப் என்ற அளவில் வேலை முடிபவர்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். லிப்ரேஒஃபீஸ் எக்செல் கோப்புகளைத் திறக்கும். பாமினி எழுத்தில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுத்து வைத்து நிறுவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தமிழெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

நாம் பூச்சியத்தைச் ‘சைபர்’ என்கிறோம். ‘சிஃப்ர்’ என்ற அரபுச் சொல்தான் அது. இதே சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் மறையெழுத்துக்கும் பெயராயிற்று. மறையெழுத்தை உடைப்பது எப்படி என்று நாம் அறிந்தவரை முதலில் எழுதி வைத்தவரும் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அறிஞர் அல் கிந்திதான். ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறையெழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் காட்டினார். அவரது கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் சுவடிக்கூடத்தில் கிடைத்து, 1980களில்தான் அச்சுக்கு வந்தது. வியாபாரிகள் சிலர் கொள்முதல் விலையை எழுத்தில் குறித்துப் பொருளில் ஒட்டி வைப்பார்களே, அதை அல் கிந்தி ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்திருப்பார்!

இன்றைய மறையெழுத்து அந்த வழியில் உடையாதபடி அமைக்கப்பட்டது. டிஸ்க்குகளில் பெரும்பாலும் பாவிக்கப்படுவது ஏஈஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் உருவாக்கியதை அமெரிக்க அரசு 2001இல் தனது தரமாக ஏற்றது. லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் ஏற்பாட்டுக்கு ‘லக்ஸ்’ என்று பெயர். சவர்க்காரம் அல்ல! 2004 வாக்கில் கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் என்பவர் வகுத்தது.

இதன் அமைப்பை இரும்புப் பெட்டியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். டிஸ்க் முழுவதையும் பூட்டுவது கம்பியூட்டரே தற்செயலாக உண்டாக்கும் ஒரு நீண்ட இலக்கம், அதுதான் பெரிய திறப்பு. அந்தப் பெரிய திறப்பை ஒரு சிறிய பெட்டியில் போட்டு, அந்தச் சிறிய பெட்டிக்குத்தான் உங்கள் கடவுச்சொல் பூட்டாகிறது. சிறிய பெட்டிகள் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். பழைய லக்ஸில் 8, புதியதில் 32 வரை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல், ஆனால் எல்லாவற்றிலும் இருப்பது அதே பெரிய திறப்பின் பிரதி. இதனால் கடவுச்சொல்லை மாற்றினால் டிஸ்க் முழுவதையும் திரும்பப் பூட்ட வேண்டியதில்லை. இந்த விடயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாக வரும்.

சிறிய பெட்டிகள் இருக்கும் இடம் டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள சிறு பகுதி. புதிய லக்ஸில் அது 16 எம்பி அளவு. அந்தப் பகுதி கெட்டுப் போனால் சரியான கடவுச்சொல் தெரிந்தவருக்கும் டிஸ்க் திறக்காது. உலகத்தில் யாராலும் திறக்க முடியாது. விற்கும்போது இது நன்மை, அந்தச் சிறு பகுதியை அழித்தாலே போதும், மீதி வெறும் குப்பை. பாவிக்கும்போது இதுவே ஆபத்து.

கம்பியூட்டர் மந்தமாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2010க்குப் பின் வந்த இன்டெல் புரொசஸர்களில் பெரும்பாலானவற்றில் ஏஈஎஸ் கணக்கைச் செய்யும் தனி வசதி உள்ளேயே இருக்கிறது. எக்செல் தாளும் பிரவுசரும் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கும் பழைய இயந்திரமென்றால் கொஞ்சம் இழுக்கும்.

நிறுவும் நாள்

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகையைச் சொல்வேன். பார்ப்பதற்குப் பழைய விண்டோஸ் போலவே இருக்கும். 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். 4 ஜீபி ரேம் இருந்தால் வசதியாக ஓடும்.

கோப்பு 3 ஜீபி அளவில் வரும். உத்தியோகபூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், எடுத்ததும் சரிபார்ப்பு இலக்கத்தை ஒத்துப் பாருங்கள். இதை வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி இதே மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்பைத் தரவிறக்கும் இடத்தில் மாட்டிவிட்டார்கள். இப்படியானதைக் கண்டுபிடிக்கத்தான் இலக்கத்தை ஒத்துப் பார்க்கச் சொல்கிறேன். மின்ட் தளத்திலேயே அதற்கான வழிமுறை இருக்கிறது.

8 ஜீபி பென் டிரைவ் ஒன்றில் ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்ற மென்பொருளால் அதை எழுத வேண்டும். வெறுமனே கொப்பி செய்தால் வேலை செய்யாது. பிறகு லாப்டொப்பில் செருகி, போடும்போதே டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப் 12, எச்பி என்றால் எஃப் 9 விசையை அழுத்திப் பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. இந்த இடத்தில் அவசரப்படாமல் வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும், சில வகைகளுக்குத் தனி டிரைவர் தேட வேண்டி வரும். பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் நிறுத்திக்கொண்டு அதற்கு முதலில் வழி பாருங்கள், பில் அடிக்க முடியாத கம்பியூட்டர் கடைக்கு எதற்கு?

நிறுவத் தொடங்கும் முன் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்தாக வேண்டும். எடுத்ததை இன்னொரு கம்பியூட்டரில் திறந்து பார்த்து, கணக்குத் தாள்கள் உண்மையிலேயே வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இனி வரும் படி பழைய டிஸ்க்கை முழுவதும் அழித்துவிடும், திரும்பிப் போக வழியில்லை.

நிறுவியைத் திறந்ததும் விசைப்பலகை எது என்று கேட்கும். ‘ஆங்கிலம் (யூஎஸ்)’ என்பதையே வையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க் திறக்கும் முன் கடவுச்சொல் கேட்கும் திரை மிக எளிமையானது, அங்கே விசைப்பலகையை மாற்றும் வசதியை எதிர்பார்க்க முடியாது. தமிழில் கடவுச்சொல் வைத்துவிட்டு அதைத் தட்ட முடியாமல் வெளியே நிற்கும் நிலை வரக்கூடாது. தமிழ் விசைப்பலகையைப் பிறகு ஆறுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, டிஸ்க்கை அழித்துவிட்டு மின்ட்டை நிறுவுவது என்ற தெரிவு வரும். அதன் கீழேயே மேலதிக வசதிகள் என்று ஒரு பொத்தான் உண்டு. அவசரக்காரர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள், பூட்டு இருப்பது அதற்குள்தான். அதைத் திறந்து எல்விஎம் என்பதைத் தெரிவு செய்து, அதன் கீழ் உள்ள மறைகுறியாக்கம் என்பதற்கும் குறியிடுங்கள். பிறகு பாதுகாப்புத் திறப்பு என்று இரண்டு தடவை கேட்கும். அதுதான் நமது கடவுச்சொல். காலியிடத்தையும் துடைக்கவா என்றும் கேட்கும். பழைய சுழல் டிஸ்க் என்றால் ஆம் என்று சொல்லிவிட்டு லுஹருக்குப் போய் வாருங்கள், நேரமெடுக்கும். சார்ஜர் செருகியிருக்கட்டும். மின்வெட்டை நாம் புதிதாகப் பார்க்கப் போவதில்லை.

எதை வைப்பது? கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டாம். மகனின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. ‘சைக்கிள் மின்னல் தேங்காய் சனிக்கிழமை நண்டு’ என்பது போல. இதையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது. புதிய லக்ஸ் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லைச் சோதிக்க வேண்டுமென்றே ஓரிரு செக்கன் எடுத்துக்கொள்ளும்படி அமைந்தது. ஆகவே ஆயிரக்கணக்கில் ஊகித்துப் பார்க்க நினைப்பவனுக்கு நீண்ட கடவுச்சொல் ஒரு மலை.

நிறுவித் தர ஒரு தம்பியை அழைத்தால் கடவுச்சொல் தட்டும் இடத்தில் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நீங்களே தட்டுங்கள். நல்ல பிள்ளையாக இருந்தாலும் சரி. அவர் ஏற்கெனவே ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தால் ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருளில் அதை மாற்றலாம்.

பூட்டு எதைக் காக்காது

கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டு திறந்துதான் இருக்கிறது. மூடியை மட்டும் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் அது தூங்குகிறது, பூட்டவில்லை. கடை சாத்தும்போது முழுதாக அணைக்க வேண்டும். ஓடும் கம்பியூட்டரில் வைரஸ் வந்தாலும், யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி வங்கி விபரத்தைக் கொடுத்தாலும் இந்தப் பூட்டு ஒன்றும் செய்யாது.

பிரதி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்று வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு வெளியில் பிரதி இருக்கவில்லை.

நமது சமூகத்துக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய பாடமுமல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம்தான் கிடைத்தது. வடக்கிலிருந்து புத்தளத்துக்கு வந்து சேர்ந்த எத்தனையோ வியாபாரிகளின் கொப்பிகள் அங்கேயே போயின. வர வேண்டிய கடனுக்கும் சாட்சியில்லை, கொடுக்க வேண்டியதற்கும் சாட்சியில்லை. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதம் மினுவாங்கொடை, குளியாப்பிட்டி, நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லை. கடை எரியும்போது கம்பியூட்டரும் எரியும். மழைக்காலத்தில் கலா ஓயா பெருகினால் என்னவாகும் என்பது எலுவன்குளத்தாருக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த வெள்ளத்தை நாடே பார்த்தது.

ஆகவே இரண்டு வெளி டிஸ்க்குகள் வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் உள்ள உறவினரிடம், மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். அவற்றையும் பூட்டித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் கதவைப் பூட்டிப் பின் கதவைத் திறந்து விட்ட கதைதான். ‘டிஸ்க்ஸ்’ மென்பொருளில் வெளி டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே கடவுச்சொல் போடும் வசதி இருக்கிறது. அப்படித் தயார் செய்தது சாதாரண விண்டோஸ் கம்பியூட்டரில் திறக்காது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னர் சொன்ன 16 எம்பி தொடக்கப் பகுதிக்கும் ஒரு பிரதி எடுத்து அந்த டிஸ்க்கில் சேர்த்துவிடுங்கள். ஒரு வரிக் கட்டளையில் முடியும், விடயம் தெரிந்த தம்பிமார் செய்து தருவார்கள்.

திறப்பு யாரிடம்?

இவ்வளவும் செய்துவிட்டு, கடவுச்சொல்லை நெஞ்சுக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர் தனது குடும்பத்துக்குப் பெரிய அநியாயம் செய்கிறார் என்பேன். மௌத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜனாஸா எடுக்கும் முன்னே “வாப்பாவுக்குக் கடன் ஏதும் இருந்தால் பிள்ளைகள் பொறுப்பு” என்று அறிவிப்பது நமது வழக்கம். வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் கடனை அடைத்தாக வேண்டும். பொறுப்பெடுத்த பிள்ளைகள் அடுத்த நாள் கம்பியூட்டரைத் திறக்கிறார்கள். கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. முன்பு போலக் கொப்பியாக இருந்தால் லாச்சியை உடைத்தாவது பார்க்கலாம். இதை உடைக்க முடியாது. நல்ல பூட்டு என்பதற்கு அர்த்தமே அதுதான்.

சிறிய பெட்டிகள் பல வைக்கலாம் என்று ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இரண்டாவது பெட்டி ஒன்றைத் திறந்து, வேறொரு கடவுச்சொல்லை அதற்குப் போடுங்கள். இதுவும் ஒரு வரிக் கட்டளைதான், வழக்கம் போல கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். அதைக் கடதாசியில் எழுதி, கடிதவுறையில் இட்டு ஒட்டி, காணி உறுதியும் கல்யாணப் பதிவும் இருக்கும் அதே அலுமாரியில் வையுங்கள். மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ இடத்தைச் சொல்லி வையுங்கள். உறை எப்போதாவது பிரிக்கப்பட்டால், அல்லது காணாமற் போனால், அந்த ஒரு பெட்டியை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம். நீங்கள் தினமும் தட்டும் கடவுச்சொல்லுக்கு ஒன்றும் ஆகாது.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் நமது வீடுகளிலும் கடைகளிலும் நடந்த சோதனைகளை நினைத்து, பூட்டிய கம்பியூட்டர் வைத்திருந்தால் சந்தேகப்படமாட்டார்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சட்டப்படி வந்து கேட்கும் அதிகாரிக்குத் திறந்து காட்டுங்கள், பிறருடைய விபரங்களைக் காக்க மறைகுறியாக்கத்தைச் சொல்வது நாட்டின் சட்டமே என்பதையும் சொல்லுங்கள். இறைவரித் திணைக்களத்துக்குக் கணக்கை மறைப்பதற்காக இதைச் செய்யலாமா என்று நினைப்பவருக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

உறையை ஒட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடதாசியில் எழுதியதைப் பார்த்து மகனையோ மகளையோ ஒரு தடவை டிஸ்க்கைத் திறக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, பூச்சியமா ‘ஓ’ என்ற எழுத்தா, சொற்களுக்கு இடையில் இடைவெளி உண்டா இல்லையா என்று அவர்கள் தடுமாறினால் கடதாசியைக் கிழித்துவிட்டு விளக்கமாக இன்னொன்று எழுதுங்கள். கணக்குத் தாள்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, வெளி டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்ற இரண்டு வரிகளையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.